பாங்காக்கில் கையெழுத்து, நாகலூரில் மிளகு விலை: உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா?

நாகலூர்_மிளகு

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டுக்குப் பக்கம் நாகலூர். அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர். கீழே அரபிகா காபி, நிழலுக்கு சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக் கொடி. மலையில் சின்னத் தோட்டம் என்றால் பெரும்பாலும் இதே அமைப்புதான்.

போன வாரம் ஊரில் ஒரு கூட்டம். பேசியவர் எல்லாப் பழியையும் ஆசியான், அதாவது தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின் மேல் போட்டார். சேலம் லீ பஜாரில் சரக்கு எடுக்கும் வியாபாரியும் மூட்டையைப் பிரிக்கும்போதே "வியட்நாம் சரக்கு இறங்கிடுச்சு தம்பி" என்று ஆரம்பிக்கிறார். 2016 வாக்கில் கிலோ 650, 700 என்று போன மிளகு 2018இல் 350 பக்கம் வந்து நின்றது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

என் கேள்வி இவ்வளவுதான். இந்த ஒப்பந்தங்கள் இரண்டரை ஏக்கர்காரனை உண்மையிலேயே அடிக்கின்றனவா, அல்லது விலையைக் குறைத்துக் கேட்க வியாபாரிக்குக் கிடைத்த ஒரு சாக்கா? கட்சி அரசியல் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துறைமுகக்_கணக்கு

தம்பி, நான் பல வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்கக் கிளியரிங் வேலை பார்த்துவிட்டு இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். மிளகுக் காகிதங்கள் நிறையப் பார்த்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஆசியான் சரக்கு ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13இல் பாங்காக்கில் கையெழுத்தானது. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதில் ஐந்து பொருளை மட்டும் தனியாக எடுத்து "சிறப்புப் பொருள்கள்" என்று வைத்தார்கள்: கச்சா பாமாயில், சுத்திகரித்த பாமாயில், காபி, தேயிலை, மிளகு. இவற்றுக்கு வரி பூஜ்யம் ஆகவில்லை. படிப்படியாக இறங்கி 2019 முடிவில் காபிக்கு 100இலிருந்து 45 சதவீதம், மிளகுக்கு 70இலிருந்து 50 சதவீதம். அதாவது வியட்நாம் மிளகு நேர்வழியில் வந்தால் இன்றும் பாதிக்குப் பாதி வரி கட்டித்தான் வர வேண்டும். ஆகவே "ஆசியான் கதவைத் திறந்துவிட்டது" என்று கூட்டத்தில் பேசியவர் சொன்னது மிளகைப் பொறுத்தவரை பாதிதான் சரி.

பிரச்சினை கொல்லைப்புறத்தில். இலங்கையோடு நமக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறது. 1998 டிசம்பரில் கையெழுத்து, 2000 மார்ச்சில் நடைமுறை. அதன்படி வருடத்துக்கு 2,500 டன் மிளகு வரியே இல்லாமல் வரலாம். அதற்கு மேல் போனால் தெற்காசிய ஒப்பந்தத்தின் கீழ் 8 சதவீதம். இலங்கையில் நல்ல காரமான மிளகு விளைகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 50 சதவீதம் ஒரு பக்கம், பூஜ்யமும் 8உம் மறுபக்கம் என்றால் வியாபாரி என்ன செய்வான்? வியட்நாம் சரக்கு கொழும்பில் இறங்கி, இலங்கையில் விளைந்தது என்ற பிறப்பிடச் சான்றோடு இங்கே வருகிறது என்பதுதான் கேரள, கர்நாடக விவசாயிகள் வருடக்கணக்காகச் சொன்ன புகார்.

இதைத் தடுக்க 2017 டிசம்பரில் அரசு குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோவுக்கு 500 ரூபாய் வைத்தது. 2018 மார்ச்சில் அதற்குக் கீழான சரக்கு இறக்குமதிக்கே தடை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்த விலைக் கட்டுப்பாடும் முதலில் இன்வாய்ஸைத்தான் மாற்றும், சரக்கை மாற்றாது. 300 ரூபாய்ச் சரக்குக்கு 500 என்று பில் போட்டால் சுங்கத்தில் இருப்பவர் கொடியைப் பார்த்தா கண்டுபிடிப்பார்? இன்னொன்று, மிளகிலிருந்து ஓலியோரெசின் என்ற காரச் சாறு எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகள் ஏற்றுமதிக்கென்று வரியில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 500 ரூபாய் விதி அவர்களுக்குக் கிடையாது. அது நியாயமான சலுகைதான், ஏனென்றால் அந்தச் சரக்கு உள்ளூரில் விற்கக் கூடாது. உள்ளூரில் கசிகிறதா என்று யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

2020 செப்டம்பரில் பிறப்பிடச் சான்று பற்றிய புது சுங்க விதிகள் வந்தன. சான்றிதழ் ஒன்றை நீட்டினால் போதாது, சரக்கு அங்கேதான் விளைந்தது என்பதற்கான விவரத்தை இறக்குமதி செய்பவரே கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. என் அனுபவத்தில் வரி குறைப்பை விட, வரி ஏற்றத்தை விட, இந்த ஒரு விதிதான் மலைக்காரனுக்கு ஓரளவு உபயோகமானது. இதைப் பற்றி ஒரு மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நாகலூர்_மிளகு

ரொம்ப நன்றி ஐயா. அப்படியென்றால் 2,500 டன்தானே? நம் நாட்டில் விளைவது எவ்வளவு?

துறைமுகக்_கணக்கு

சமீப வருடங்களில் அரை லட்சம் டன்னுக்கு மேல். வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். நீ கேட்க வருவது புரிகிறது. 2,500 டன் அதில் சின்னப் பங்குதான். ஆனால் விலையை மொத்தச் சரக்கு தீர்மானிப்பதில்லை தம்பி, கடைசியாக வந்து இறங்கும் லாரி தீர்மானிக்கும். அந்த லாரி வரப்போகிறது என்ற பேச்சே போதும்.

எஸ்டேட்_ரைட்டர்

நான் மலையில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மிளகை விடுங்கள், காபியைச் சொல்கிறேன். இங்கே எல்லோரும் சர்வதேச ஒப்பந்தம் என்றாலே விவசாயிக்கு எதிரி என்று பேசுகிறீர்கள். எங்கள் தலைமுறையைத் தாங்கியதே ஒரு சர்வதேச ஒப்பந்தம்தான்.

1962இல் சர்வதேச காபி ஒப்பந்தம். காபி விளைவிக்கும் நாடுகளும் குடிக்கும் நாடுகளும் உட்கார்ந்து, யார் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று கோட்டா போட்டார்கள். விலை கீழே போனால் கோட்டாவைக் குறைப்பார்கள், மேலே போனால் தளர்த்துவார்கள். அமெரிக்காவே அதில் கையெழுத்துப் போட்டது. லத்தீன் அமெரிக்க விவசாயி பசியில் கம்யூனிஸ்ட் ஆகிவிடக் கூடாது என்ற பயம். எந்தப் பயமாக இருந்தால் என்ன, இங்கே வாழவந்தியில் கால் ஏக்கர் வைத்திருந்தவனுக்கும் அதனால் விலை நின்றது.

1989 ஜூலையில் அந்தக் கோட்டா உடைந்தது. யாருக்கு எவ்வளவு என்பதில் பிரேசிலும் அமெரிக்காவும் மத்திய அமெரிக்க நாடுகளும் ஒத்துப்போகவில்லை. சில மாதங்களில் உலக விலை கிட்டத்தட்டப் பாதி. அந்த அடி ஆறுவதற்குள் 1991இல் சோவியத் யூனியன் போய்விட்டது. ரூபாயில் நம் காபியை வாங்கிக்கொண்டிருந்த பெரிய கை அது. இரண்டும் சேர்ந்து வந்த வருடங்களில் மலையில் களையெடுக்கக் கூலி கொடுக்க முடியாமல் செடியை அப்படியே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்போது நம் ஊரில் பூல் முறை. 1942 காபிச் சட்டப்படி விளைந்ததை எல்லாம் காபி வாரியத்திடம் கொடுக்க வேண்டும், அவர்கள் விற்றுத் தவணை தவணையாகப் பணம் தருவார்கள். 1992இல் தளர்த்த ஆரம்பித்து 1996க்குள் அது முழுக்கப் போய்விட்டது. அதற்கு நடுவில் 1994இல் பிரேசிலில் உறைபனி, விலை ஏறியது, எல்லோரும் சுதந்திர விற்பனைதான் சரி என்று கொண்டாடினார்கள். அப்புறம் வியட்நாம் ரொபஸ்டா காபி குவிந்தது. 2001 கடைசியில் நியூயார்க்கில் அரபிகா பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே. கொண்டாடியவர்களில் சிலர் அந்த வருடம் தோட்டத்தை ரிசார்ட்டுக்கு விற்றார்கள். ஏற்காட்டில் இன்று நீங்கள் பார்க்கும் பல காட்டேஜ்களின் பூர்வீகம் அதுதான்.

நுகர்வோர்_நான்

ரைட்டர் ஐயா, பூல் முறை அவ்வளவு சொர்க்கமா? என் தாத்தா பூல் பணம் எப்போது வரும் என்று காத்திருந்தே வட்டிக்கு வாங்கியவர். கடைசித் தவணை வருவதற்குள் அடுத்த அறுவடையே வந்துவிடும் என்பார்.

எஸ்டேட்_ரைட்டர்

சொர்க்கம் என்று எங்கே எழுதினேன்? தாமதம் இருந்தது, தரம் பிரிப்பதில் மனவருத்தம் இருந்தது. ஆனால் உன் தாத்தாவுக்குத் தாமதமாகவாவது ஒரு விலை வந்தது. இன்றைக்கு நியூயார்க்கில் காலையில் ஏறி மாலையில் இறங்கும் விலையை உன் அப்பா கைப்பேசியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதை வைத்து அவர் என்ன செய்ய முடியும்? செர்ரி, அதாவது காபிப் பழம், பழுத்தால் பறித்தாக வேண்டும். 2025 பிப்ரவரியில் பவுண்டு 4 டாலருக்கு மேல் போனதே, அதுவரை சரித்திரத்தில் இல்லாத விலை, அன்றைக்கு மலையில் எத்தனை பேர் கையில் சரக்கு இருந்தது? பாதிப்பேர் டிசம்பரிலேயே காயவைக்காத செர்ரியாகத் தள்ளிவிட்டார்கள்.

ஆத்தூர்_குச்சிக்கிழங்கு

மலைக்காரர்கள் மட்டும் பேசினால் எப்படி? சமவெளியும் சேலம்தான்.

நம் ஜவ்வரிசித் தொழில் பிறந்ததே வெளிநாட்டுச் சரக்கு நின்றதால். இரண்டாம் உலகப் போரில் மலாயா, ஜாவா பக்கத்திலிருந்து சேகோ வருவது நின்றது. 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவை வைத்து உருட்டிப் பார்த்தார்கள், பிடித்துக்கொண்டது. வரியும் ஒப்பந்தமும் இல்லை, கப்பல் வரவில்லை, அவ்வளவுதான். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் வங்காளத்திலும் விரத நாளில் தின்பது நம் ஆத்தூர்க் கிழங்கு.

இப்போது எங்களுக்கு என்ன பயம் என்றால், உலகத்திலேயே அதிகமாக மரவள்ளி ஸ்டார்ச் ஏற்றுமதி செய்வது தாய்லாந்து. அவர்களுக்குப் பெரிய வாடிக்கை சீனா. சீனா வாங்குவது குறைந்தால் அந்தச் சரக்கு மலிந்து வேறு ஊர் தேடும். நமக்கும் தாய்லாந்துக்கும் அதே ஆசியான் ஒப்பந்தக் குடை.

ஆனால் உண்மையைச் சொன்னால் என் கையில் பணத்தைக் குறைப்பது அது இல்லை. ஆலையில் பாயிண்ட் பார்த்துத்தான் விலை. கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவு இருக்கிறது என்று அவர்களே பார்ப்பார்கள், அவர்களே சொல்வார்கள். நான் 28 எதிர்பார்த்துப் போனால் 25 என்பார்கள். தாய்லாந்துக்காரன் எனக்கு என்ன கெடுதல் செய்தான் என்று அந்த நிமிடத்தில் தோன்றாது.

அப்புறம் இன்னொரு விஷயம். எந்த ஒப்பந்தமும் இல்லாமல், வரியும் கட்டாமல் ஒரு சரக்கு வந்தது: மரவள்ளி மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 2020இல் கேரளத்தில் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருடமே எங்கள் காட்டில். நுனி எல்லாம் கொத்துக் கொத்தாகச் சுருண்டு போனது. கடைசியில் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022இல் எங்களுக்குப் பக்கத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். இறக்குமதி என்றாலே எதிர்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிச் சிரிப்பேன். எங்களைக் காப்பாற்றியதும் ஒரு இறக்குமதிதான்.

ஓமலூர்_அக்கா

ஆத்தூர் அண்ணா சொன்ன பாயிண்ட் கதை எங்கள் பாலுக்கும் பொருந்தும், கொழுப்பு அளவு என்று பெயர் வேறு. ஆனால் நான் எழுத வந்தது கடலை பற்றி.

எங்கள் பக்கம் மானாவாரிக் கடலை. அம்மா காலத்தில் வீட்டுக்கு வீடு செக்கு எண்ணெய். 1994-95இல் பாமாயில் இறக்குமதியைத் தளர்த்தியபோது 65 சதவீதம் வரி இருந்தது. 1998இல் அது 15. 2008இல் கச்சா எண்ணெய்க்கு வரியே இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் எண்ணெயில் கிட்டத்தட்டத் தன்னிறைவு என்று சொன்ன நாடு, இன்று தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. நம் மாநிலத்தில் ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில். நானும் வாங்குகிறேன், அதில்தான் பலகாரம் சுடுகிறேன். கடலை விலை ஏன் ஏறவில்லை என்று கேட்பதும் நான்தான்.

இதில் ஒப்பந்தத்தின் பங்கு எவ்வளவு, நம் அரசின் பங்கு எவ்வளவு என்று துறைமுக ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

துறைமுகக்_கணக்கு

அக்கா சரியான இடத்தில் கை வைத்தீர்கள். உலக வர்த்தக அமைப்பில் பாமாயிலுக்கு நாம் ஒத்துக்கொண்ட உச்ச வரி 300 சதவீதம். படித்தது சரிதான், முந்நூறு. ஆசியான் ஒப்பந்தத்தில் அந்த நாடுகளுக்குக் கச்சா பாமாயிலுக்கு 37.5, சுத்திகரித்ததற்கு 45 வரை போடலாம். நாம் உண்மையில் போடுவது பல வருடம் அதற்கும் வெகு கீழே. 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்களுக்கு அடிப்படை வரியை 20 சதவீதம் ஆக்கினார்கள். 2025 மே கடைசியில் 10 ஆக்கினார்கள். ஆடிப்பட்டத்துக்குக் கடலை விதைக்கலாமா என்று நீங்கள் யோசிக்கும் நேரத்தில் வரி பாதியானது. எந்த வெளிநாடும் கழுத்தைப் பிடிக்கவில்லை. டெல்லியில் விலைவாசிப் புள்ளிவிவரம் பார்க்கும் மேசைக்கும் விவசாயி மேசைக்கும் நடந்த இழுபறியில் எது ஜெயித்தது என்பதுதான் அந்த அறிவிப்பு.

துவரையும் அப்படித்தான். 2021 மே முதல் கட்டுப்பாடில்லா இறக்குமதி, நீட்டித்து நீட்டித்து வந்தார்கள். ஒப்பந்தமே தேவைப்படவில்லை.

பொருளியல்_மாணவி

நான் பெரியார் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். துறைமுக ஐயா சொன்னதற்கு அப்படியே பொருந்தும் உதாரணம் மெக்சிகோ.

1994இல் அமெரிக்கா, கனடாவோடு மெக்சிகோ வட அமெரிக்க ஒப்பந்தம் போட்டது. மக்காச்சோளம் அங்கே சாப்பாடு, நமக்கு நெல் மாதிரி. அதனால் 15 வருட அவகாசம் கொடுத்தார்கள். ஒரு அளவு வரை வரியில்லை, அதற்கு மேல் வந்தால் கனமான வரி, 2008இல்தான் முழுதாகத் திறக்க வேண்டும். ஆனால் அளவுக்கு மேல் வந்த சோளத்துக்கு மெக்சிகோ அரசு அந்த வரியை வசூலிக்கவே இல்லை. சோளம் மலிவாக வந்தால் கோழித்தீவனமும் நகரத்துச் சாப்பாடும் மலியும் என்ற கணக்கு. மானியத்தில் விளைந்த அமெரிக்கச் சோளம் குவிந்தது. மலைப்பக்கத்துச் சின்ன விவசாயிக்குக் கொடுத்த 15 வருடம் காகிதத்தில் மட்டும் இருந்தது.

ஆனால் ஒப்பந்தங்களை முழுக்க விடுவிக்க எனக்கு மனமில்லை. பருத்தியைப் பாருங்கள். 2003இல் பெனின், புர்கினா பாசோ, மாலி, சாட் என்று நான்கு ஏழை நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் நின்று, அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குக் கொடுக்கும் மானியம் எங்களைக் கொல்கிறது என்றன. அதே விஷயத்தில் பிரேசில் முறைப்படி வழக்குப் போட்டது, ஜெயித்தது. 2014இல் அமெரிக்கா 30 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பணம் போனது பிரேசிலுக்கு. வழக்கு நடத்த வக்கீலும் வர்த்தகத்தில் பதிலடி கொடுக்கும் பலமும் இருந்தவனுக்கு நியாயம் கிடைத்தது. அந்த நான்கு ஏழை நாட்டுக் குறுவிவசாயிக்கு அதில் ஒரு காசு இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அதைக் கையில் எடுக்க எல்லோராலும் முடிவதில்லை.

ஹெய்ட்டியையும் அடிக்கடி சொல்வார்கள். 1995இல் அரிசி வரி 3 சதவீதத்துக்கு இறங்கி, உள்ளூர் நெல் சாகுபடி நொடித்தது. ஆனால் அது வர்த்தக ஒப்பந்தத்தால் வந்ததல்ல, கடன் கொடுத்தவர்கள் வைத்த நிபந்தனை. அந்தக் கொள்கையை முன்னின்று நடத்திய பில் கிளிண்டனே 2010இல் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நாம் தவறான ஆளோடு சண்டை போடுவோம்.

நுகர்வோர்_நான்

ஆக கடைசியில் எல்லாம் நம் அரசின் தப்பு என்று முடித்துவிடலாமா? மலிவான எண்ணெய், மலிவான பருப்பு வேண்டும் என்று கேட்பவர்களில் கூலி விவசாயியும் இருக்கிறார். நிலமே இல்லாதவர்தான் மலையில் அதிகமாகப் பறிக்கிறார். கடலை விலை ஏறினால் அவர் வயிறு சுருங்கும். இதையும் யாராவது பேசுங்கள்.

ஓமலூர்_அக்கா

பேசலாம் தம்பி. அதற்கு ரேஷனில் கடலை எண்ணெய் போடச் சொல்லி நாங்கள் கேட்கிறோமே. அரசு எங்களிடம் வாங்கி அவரிடம் மலிவாகக் கொடுக்கட்டும். மலேசியாவுக்குப் போகும் மானியம் மேச்சேரிக்கு வரட்டும்.

நுகர்வோர்_நான்

செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டீர்களா அக்கா? பாமாயிலுக்கும் கடலை எண்ணெய்க்கும் உள்ள விலை வித்தியாசத்தை மாநிலத்தின் மொத்தக் குடும்ப அட்டைகளால் பெருக்கிப் பாருங்கள்.

ஓமலூர்_அக்கா

கணக்கு நீங்கள் போடுங்கள். வேலை எனக்குக் கிடக்கிறது, இரண்டு மாடு கத்துகிறது.

ஆத்தூர்_குச்சிக்கிழங்கு

:) மாடு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆசியான் நாடுகளும் சீனா, நியூசிலாந்து போன்றவையும் சேர்ந்த ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியது 2019 நவம்பர் 4, அதுவும் அதே பாங்காக்கில். நியூசிலாந்தில் கறக்கும் பாலில் ஏறக்குறைய எல்லாமே ஏற்றுமதிக்கு. இங்கே இரண்டு மாடு வைத்திருப்பவர்கள்தான் பால் சங்கமே. அன்றைக்கு நாடு முழுக்கப் பால்காரர்கள் ஒரே குரலாக நின்றதால் டெல்லி கேட்டது. மிளகுக்காரனுக்கும் கிழங்குக்காரனுக்கும் அந்தக் குரல் இல்லை. நம் ஓட்டு வங்கி ஓரிரு மாவட்டத்தோடு முடிகிறது, அவர்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் உண்டு.

வறுத்த_கொட்டை

ஏற்காட்டில் சின்னதாகக் காபி வறுத்து விற்கிறேன். ஏழெட்டு மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களிடம் நேராகச் செர்ரி வாங்குகிறேன். நீங்கள் எல்லோரும் வரியைப் பற்றியே பேசுகிறீர்கள். காபியில் இனிமேல் அடி வரப்போவது வரியிலிருந்து இல்லை.

ஐரோப்பாவில் வறுக்காத பச்சைக் கொட்டைக்கு வரி கிடையாது. வறுத்து அனுப்பினால் வழக்கமான வரி 7.5 சதவீதம். கொட்டையாகவே அனுப்பு, வறுக்கும் லாபம் எங்களுக்கு என்று அர்த்தம். இது பழைய கதை. புதிய கதை 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட காடழிப்புத் தடுப்புச் சட்டம். இது ஒப்பந்தமே இல்லை, யாரும் நம்மிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. அவர்கள் ஊர்ச் சட்டம். ஆனால் இந்தியக் காபியில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றுமதி, அதில் இத்தாலியும் ஜெர்மனியும் பெரிய வாடிக்கை என்னும்போது அது நம் சட்டமும் ஆகிவிடுகிறது.

2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்து வைத்த தோட்டத்துக் காபி உள்ளே போகக் கூடாது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் இருப்பிடக் குறி கொடுக்க வேண்டும். 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லை முழுக்கச் சுற்றிக் குறிக்க வேண்டும், அதற்குள் என்றால் ஒரே ஒரு புள்ளி போதும். நாகலூர் தம்பியின் இரண்டரை ஏக்கர் ஒரு ஹெக்டேர்தான், ஒரு புள்ளியில் முடிந்துவிடும். கைப்பேசியில் ஐந்து நிமிட வேலை. நடைமுறைத் தேதி இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது. அதனால் மலையில் பலர் இது வராது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிக்கல் புள்ளியில் இல்லை. விளைந்தது உள்நாட்டுச் சட்டப்படி, நில உரிமையோடு விளைந்தது என்றும் காட்ட வேண்டும். நான் வாங்கும் குடும்பங்களில் பாதிக்குப் பட்டா தாத்தா பெயரில். மீதிப் பேருக்குக் கூட்டுப் பட்டா, ஐந்து பங்காளி. ஒருவர் திருப்பூரில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. தலைமுறை தலைமுறையாக நிழலில் காபி வளர்க்கிறவர்கள், ஒரு மரம் கூட வெட்டாதவர்கள், காகிதம் இல்லாத ஒரே காரணத்துக்காக வெளியே நிற்பார்கள். 300 ஏக்கர் எஸ்டேட்டுக்கு எல்லாக் காகிதமும் உண்டு, அதைப் பார்க்க ஒரு குமாஸ்தாவும் உண்டு. கொட்டையைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கும் க்யூரிங் ஆலையில் அடையாளம் தெரியாத சரக்கைக் கலந்தால் மொத்தமும் போச்சு என்பதால், வாங்குபவர் சின்ன ஆள் சரக்கை ஒதுக்கத்தான் பார்ப்பார்.

எஸ்டேட்_ரைட்டர்

இது உண்மை. குமாஸ்தா நான்தான் :)

பொருளியல்_மாணவி

அக்கா, ஆனால் சட்டத்தின் நோக்கம் தவறு என்று சொல்ல முடியுமா? சேர்வராயன் மலையிலேயே எத்தனை சோலை போயிருக்கிறது.

வறுத்த_கொட்டை

நோக்கத்தை யார் குறை சொன்னது? செலவை யார் தலையில் வைத்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். சோலையை அழித்தது யார், ரசீது யாரிடம் கேட்கிறார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

நாகலூர்_மிளகு

எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொல்லைப்புறம் பற்றிய பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். "அப்போ வியாபாரி சொன்னது பொய்யா, நிஜமா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது? மிளகைப் பிப்ரவரியில் விற்காமல் வைத்திருக்கலாமா என்பதும் அவர் கேள்வி. பறிப்புக் கூலி கொடுக்க உடனே பணம் வேண்டும், அதுதான் எப்போதும் விற்றுவிடுகிறோம்.

துறைமுகக்_கணக்கு

அவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் அவர் சொல்லும் நேரம் பார். அறுவடைக்கு முன் வியட்நாம், அறுவடை முடிந்து சரக்கு அவர் கிடங்குக்குப் போன பிறகு "மார்க்கெட் டைட்", அதாவது சரக்குத் தட்டுப்பாடு. இறக்குமதி நிஜம், அதன் அளவு சின்னது, அதன் பேச்சு பெரியது. அந்தப் பேச்சுக்குப் பலியாவது, உடனே விற்றே ஆக வேண்டியவன். ஒப்பந்தத்தில் 50 சதவீத வரி இருந்தாலும் 70 இருந்தாலும் பிப்ரவரியில் கூலிப் பணத்துக்கு விற்பவன் நிலைமை பெரிதாக மாறாது. வைத்திருக்க முடிந்தவனுக்குத்தான் அந்த 20 சதவீத வித்தியாசம் காசாகும்.

வழி உண்டு. மிளகு கெட்டுப்போகும் சரக்கு அல்ல. நன்றாகக் காய்ந்திருந்தால் வருடக்கணக்கில் நிற்கும். பதிவு பெற்ற கிடங்கில் வைத்தால் மின்னணு ரசீது தருவார்கள், அதை வைத்து வங்கியில் கடன் வாங்கலாம். கூலியை அதில் கொடு, சரக்கை உன் பெயரில் வைத்துக்கொள். மலையிலிருந்து மூட்டை இறக்கும் லாரிச் செலவு இரண்டரை ஏக்கருக்குக் கட்டாது. பத்துப் பேர் சேர வேண்டும். மலைவாழ் மக்களுக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

எஸ்டேட்_ரைட்டர்

ஈரப்பதம் பார்க்காமல் கிடங்குக்குக் கொண்டுபோகாதே. களத்தில் நாலு நாள் வெயில் என்று நம் ஆட்கள் மூட்டை கட்டிவிடுகிறார்கள், ஏற்காட்டுப் பனியில் அது காய்ச்சலே இல்லை. கிடங்கில் பூஞ்சை வந்தால் கடனும் உன் தலையில். லிட்டர் எடையும், அதாவது ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் என்பதையும், பார்த்து வை. 550 கிராமுக்கு மேல் நின்றால் அதற்குத் தனி விலை கேட்கலாம். கொண்டுபோய்க் கொட்டிவிட்டு அவர் சொல்வதைக் கேட்காதே.

நாகலூர்_மிளகு

சரிங்க ஐயா. கொட்டை அக்கா, எங்களுக்கும் கூட்டுப் பட்டாதான். அப்பாவும் இரண்டு சித்தப்பாவும். பிரிக்க எங்கே ஆரம்பிக்க வேண்டும்?

வறுத்த_கொட்டை

மூன்று பேரும் ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது தம்பி. இ-சேவை மையத்தில் உட்பிரிவு மனு போடு, சர்வேயர் வந்து அளப்பார். அளக்க வரும் நாளில் மூவரும் தோட்டத்தில் இருக்க வேண்டும். வெளியூர்ச் சித்தப்பா இருந்தால் பொங்கல் லீவை ஒட்டித் தேதி கேள்.

எஸ்டேட்_ரைட்டர்

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் வாரிசுச் சான்று. அது இல்லாமல் மனுவை எடுக்க மாட்டார்கள். அத்தைகள் இருந்தால் அவர்கள் பெயரும் அதில் வரும், முன்கூட்டியே பேசிவிடு.